எத்தியோப்பியா கேட்கும் 20 கிலோமீட்டர் கடற்கரை

2024 ஜனவரி 1 அன்று எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் அந்நாட்டுப் பிரதமர் அபிய் அகமதுவும், சோமாலியாவிலிருந்து 1991இல் பிரிந்து தனி நாடாக அங்கீகாரம் கேட்டு நிற்கும் சோமாலிலாந்தின் அப்போதைய அதிபர் மூசே பிஹி அப்தியும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஏடன் வளைகுடாவின் தென்கரையில் 20 கிலோமீட்டர் நீளமுள்ள கரையை எத்தியோப்பியக் கப்பற்படைக்கு 50 ஆண்டுக் குத்தகையாக விடுவதும், சோமாலிலாந்தின் பெர்பெரா துறைமுகத்தை எத்தியோப்பிய வணிகத்துக்குத் திறந்து கொடுப்பதும் அதன் உள்ளடக்கம் என்று சொல்லப்பட்டது. சொல்லப்பட்டது என்று எழுதக் காரணம் உண்டு. அந்த ஒப்பந்தத்தின் முழு உரை வெளியிடப்படவில்லை. இரு தரப்பாரும் மேடையில் பேசியதையும் பிறகு விட்ட அறிக்கைகளையும் வைத்துத்தான் உலகம் அதைப் படித்தது. தங்களை ஒரு தனி நாடாக எத்தியோப்பியா அங்கீகரிக்கப் போகிறது என்றது சோமாலிலாந்து. எத்தியோப்பிய அரசோ, சோமாலிலாந்தின் அங்கீகார முயற்சியை ஆழ்ந்து ஆராய்ந்து ஒரு நிலைப்பாட்டை எடுக்கும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஒரே காகிதத்தில் கையெழுத்திட்ட இருவர், மை உலர்வதற்குள் அதற்கு இருவேறு உரை எழுதினார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் காகிதம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. சோமாலியாவின் எதிர்ப்பே காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. சரக்குக்கு வழி கேட்பதும் போர்க்கப்பலுக்கு இடம் கேட்பதும் முற்றிலும் வேறான இரண்டு கோரிக்கைகள். முதலாவதை உலகம் பேரம் பேசியாவது கொடுத்துவிடும். இரண்டாவதை எந்த அண்டை நாடும் எளிதில் கொடுக்காது. இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டதால்தான் எளிதாகக் கிடைத்திருக்கக்கூடிய முதலாவதும் சேர்ந்து முடங்கியது என்பது என் எண்ணம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் வெளியுறவுத் துறை அறிஞன் அல்லன். சென்னை தம்பு செட்டித் தெருவில் ஒரு சிறிய கிளியரிங் அலுவலகத்தில் நெடுங்காலமாகக் குப்பை கொட்டுபவன். ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்குவதும், கப்பல் நிறுவனத்துக்கும் வணிகருக்கும் நடுவில் நின்று காகிதங்களைச் சரிபார்ப்பதும் எங்கள் பிழைப்பு. எங்களைப் போன்றவர்களுக்கு உலக வரைபடம் என்பது துறைமுகங்களின் பட்டியல். ஒரு நாட்டுக்குத் துறைமுகம் இல்லை என்றால் அதன் பெயரே காகிதத்தில் ஓர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும்.

கோயம்புத்தூரில் செய்த நூற்பு இயந்திர உதிரிப் பாகங்கள் எத்தியோப்பியாவின் ஆலை ஒன்றுக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பல் நிறுவனம் கொடுக்கும் சரக்குச் சீட்டில், சரக்கு பெறுபவரின் முகவரி அடிஸ் அபாபா என்று இருக்கும். அதற்குக் கீழே, இறக்கும் துறைமுகம் என்ற கட்டத்தில் பக்கத்து நாடான ஜிபூட்டியின் பெயர் இருக்கும். அதற்கும் பக்கத்துக் கட்டத்தில், இறுதியாக ஒப்படைக்கும் இடம் மோஜோ என்று இருக்கும். மோஜோ என்பது அடிஸ் அபாபாவுக்குத் தென்கிழக்கே உள்ள உலர் துறைமுகம். கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, மேட்டு நிலத்தில் இருக்கிறது. சரக்கு விவரத்தின் அடியில், இது எத்தியோப்பியாவுக்குச் செல்லும் இடைவழிச் சரக்கு என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் இப்படிப்பட்ட காகிதத்தை நீட்டி, "சார், ஆள் ஒரு நாட்டுல இருக்கார், போர்ட் வேற நாட்டுல இருக்கே, தப்பா டைப் ஆயிருச்சா?" என்று கேட்டான். தப்பு எதுவும் இல்லை, அந்த நாட்டின் நிலைமையே அப்படித்தான் என்று அவனுக்கு விளக்கினேன்.

அந்த ஒரு வரியின் விலை அதிகம். ஜிபூட்டியில் கப்பலிலிருந்து இறக்குவதற்கான கட்டணம், துறைமுகத்தில் கிடக்கும் நாள்களுக்கான வாடகை, லாரிக்கோ ரயிலுக்கோ கொடுக்கும் கூலி, எல்லையில் மீண்டும் ஒருமுறை காகிதச் சோதனை என்று ஒவ்வொன்றாக ஏறும். இவற்றைவிடக் கொடுமையானது காலி கன்டெய்னரின் கதை. கன்டெய்னர் கப்பல் நிறுவனத்தின் சொத்து; குறிப்பிட்ட நாள்களுக்குள் அதைத் துறைமுகத்தில் திருப்பி ஒப்படைக்காவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் டாலரில் அபராதம் ஏறும். எத்தியோப்பியா இறக்குமதி செய்வது மிகுதி, ஏற்றுமதி செய்வது அதைவிடப் பல மடங்கு குறைவு. காபியும் எள்ளும் பூக்களும் தோலும் அதன் ஏற்றுமதிகளில் சில. அவற்றில் பூக்கள் விமானத்தில் போய்விடும். ஆகவே மேட்டு நிலம் ஏறிப்போன பெட்டிகளில் பெரும்பாலானவை வெறும் காற்றை அடைத்துக்கொண்டு கீழே இறங்கி வருகின்றன. அந்த வெற்றுப் பயணத்தின் கூலியையும் யாரோ ஒரு எத்தியோப்பிய வாடிக்கையாளர்தான், தான் வாங்கும் சோப்புக் கட்டியின் விலையிலோ மருந்து அட்டையின் விலையிலோ கொடுக்கிறார்.

12 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாடு அது. கடற்கரை இல்லாத நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகப் பெரியது. அதன் வெளிநாட்டு வணிகத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு மேல், நம்முடைய ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகைகூட இல்லாத ஜிபூட்டியின் வழியாகத்தான் நடக்கிறது. சீன நிறுவனங்கள் கட்டிய, 750 கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த மின்சார ரயில் பாதை 2018 முதல் வணிகப் போக்குவரத்தில் இருந்தாலும் சரக்கின் பெரும்பகுதி இன்னும் லாரியில்தான் போகிறது. 2016ஆம் ஆண்டு கடும் வறட்சி வந்தபோது, உணவு உதவியாக வந்த கோதுமைக் கப்பல்களும், விதைப்புக் காலத்துக்கு முன்பே வந்து சேர வேண்டிய உரக் கப்பல்களும் ஜிபூட்டியில் ஒரே நேரத்தில் வந்து நின்று, எதை முதலில் இறக்குவது என்று திணற வேண்டியதாயிற்று.

இந்த நாட்டுக்குக் கடல் எப்போதுமே இல்லாமல் இல்லை. அதன் கதை கொஞ்சம் நீளமானது, ஆனால் அதை விட்டுவிட்டு இன்றைய சிக்கலைப் பேச முடியாது. செங்கடல் கரையிலுள்ள அசாபில் 1869இல் இத்தாலியக் கப்பல் நிறுவனம் ஒன்று நிலம் வாங்கியது. 1882இல் இத்தாலிய அரசே அதை எடுத்துக்கொண்டது. 1890இல் அந்தக் கரை முழுவதும் எரித்திரியா என்ற இத்தாலியக் குடியேற்றமானது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி தோற்ற பிறகு அந்த நிலத்தை என்ன செய்வது என்று ஐ.நா. பொதுச்சபை 1950இல் விவாதித்து, எரித்திரியாவை எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியாக இணைக்கத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தின் முகப்பிலேயே, போதுமான கடல் வழி பெறுவதற்கான எத்தியோப்பியாவின் நியாயமான தேவை கருத்தில் கொள்ளப்பட்டதாக எழுதியிருக்கிறது. 1952இல் கூட்டாட்சி வந்தது. பத்தே ஆண்டுகளில், 1962இல், பேரரசர் ஹைலே செலாசி அந்தக் கூட்டாட்சியைக் கலைத்து எரித்திரியாவைத் தன் மாகாணங்களில் ஒன்றாக்கிக்கொண்டார். கடல் வழியை மட்டும் காரணமாகச் சொல்லி வாங்கியதை முழு நிலமாக விழுங்கியதன் விலை, முப்பது ஆண்டு விடுதலைப் போர். 1993 ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பில் எரித்திரிய மக்கள் ஏறத்தாழ ஒருமனதாக விடுதலையைத் தேர்ந்தெடுத்தார்கள். எத்தியோப்பியா ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரையை முழுவதுமாக இழந்தது.

இழந்த அன்றே வணிகம் நின்றுவிடவில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1993க்குப் பிறகும் எத்தியோப்பியாவின் சரக்கில் பெரும்பகுதி அசாப் வழியாகத்தான் போய்வந்தது. தலைநகரங்கள் இரண்டிலும் பழைய போராட்டத் தோழர்கள் ஆட்சியில் இருந்தார்கள். நம் பக்கத்தில் 2014 ஜூன் 2 அன்று ஆந்திரம் பிரிந்தபோது தெலங்கானா ஒரே இரவில் கடற்கரை இல்லாத மாநிலமானது. ஐதராபாத் மருந்து ஆலைகளின் பெட்டிகள் மறுநாளும் துறைமுகங்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தன, எவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நடுவில் சுங்கச்சாவடி இல்லை, வேறு நாணயம் இல்லை, வேறு கொடி இல்லை. எத்தியோப்பியாவுக்கும் எரித்திரியாவுக்கும் இடையில் அந்த மூன்றும் ஒவ்வொன்றாக முளைத்தன. 1997 நவம்பரில் எரித்திரியா நக்ஃபா என்ற தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. இனி எல்லை வணிகத்தை டாலரில் நடத்துவோம் என்றது எத்தியோப்பியா. மனக்கசப்பு வளர்ந்தது. 1998 மே மாதம் பத்மே என்ற சிற்றூரின் பெயரால் போர் மூண்டது. இரண்டு ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அசாப் வழி அடைபட்டது. எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு துறைமுகம், அன்றிலிருந்து எத்தியோப்பிய வணிகருக்கு இல்லாத ஊராகிவிட்டது. துறைமுகமும் பாழடைந்தது. பிற்காலத்தில் ஏமன் போருக்காக ஐக்கிய அரபு அமீரகத்தின் படைகள் அசாபில் தளம் அமைத்துத் தங்கின; பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்லாத இடம் தூரத்துப் பணக்காரனுக்குக் கிடைத்தது என்று அடிஸ் அபாபாவில் இருப்பவர்கள் வயிறு எரிந்திருப்பார்கள்.

எனவே அபிய் அகமதுவின் அச்சத்தை வெறும் அரசியல் நாடகம் என்று நான் தள்ளிவிடமாட்டேன். ஒரே ஒரு வாசல் இருக்கும் வீட்டில், அந்த வாசலின் சாவி இன்னொருவர் இடுப்பில் இருந்தால் தூக்கம் வராது. சென்னையில் புயல் அடித்துத் துறைமுகம் மூடினால் எங்களுக்குத் தூத்துக்குடி இருக்கிறது, கிருஷ்ணப்பட்டினம் இருக்கிறது, விசாகப்பட்டினம் இருக்கிறது. சரக்கைத் திருப்பிவிடக் கூடுதல் செலவாகும், அவ்வளவுதான். ஜிபூட்டியில் ஏதாவது நேர்ந்தால் எத்தியோப்பியாவுக்கு எதுவுமில்லை. ஜிபூட்டி ஒப்பந்தங்களை மதிக்கும் விதத்திலும் கேள்விகள் எழுந்திருக்கின்றன. தொராலே கன்டெய்னர் முனையத்தை நடத்திவந்த துபாயின் டிபி வேர்ல்டு நிறுவனத்தின் உரிமத்தை அந்நாட்டு அரசு 2018 பிப்ரவரியில் ஒரே ஆணையில் ரத்து செய்து முனையத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. அவ்வழக்கு பல நடுவர் மன்றங்கள் ஏறியது தனிக்கதை.

இரண்டாவது வாசலைத் தேடுவதில் எத்தியோப்பியாவுக்கு ஒரு நல்ல வாய்ப்பு ஏற்கெனவே கிடைத்தது. அதை அது நழுவவிட்டது என்பதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். 2018 மார்ச்சில் பெர்பெரா துறைமுகத்தில் டிபி வேர்ல்டுக்கு 51, சோமாலிலாந்துக்கு 30, எத்தியோப்பியாவுக்கு 19 விழுக்காடு என்று பங்கு பிரிக்கப்பட்டது. அதில் படை என்ற பேச்சே இல்லை, முழுக்க வணிகம். சோமாலியத் தலைநகர் மொகதிசு அப்போதும் கத்தியது, ஆனால் வேலை நிற்கவில்லை. 2021இல் புதிய கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டு, ஆண்டுக்கு 5 லட்சம் பெட்டிகளைக் கையாளும் திறன் வந்தது. எத்தியோப்பிய எல்லையிலுள்ள வஜாலே வரை சாலையும் போடப்பட்டது. ஆனால் தன் பங்குக்கு உரிய நிபந்தனைகளை எத்தியோப்பியா நிறைவேற்றவில்லை என்று சொல்லி 2022இல் அந்த 19 விழுக்காட்டைச் சோமாலிலாந்து ரத்து செய்துவிட்டது. எத்தியோப்பியாவின் வடக்கே திக்ரே மாநிலத்தில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கருவூலமும் கவனமும் அங்கே போயின. அந்தப் பங்கு கையில் இருந்திருந்தால், 2024இல் கொடியைப் பற்றிப் பேசாமலே கோதுமையையும் உரத்தையும் பேசியிருக்கலாம்.

2023 அக்டோபரில் நிலைமை வேறு திசையில் திரும்பியது. செங்கடல் எத்தியோப்பியாவின் இருப்புக்கே அடிப்படையானது என்று அபிய் தொலைக்காட்சியில் பேசினார். கட்டணம், சாலை, ரயில் என்ற அளவில் இருந்த விவாதத்தில் வரலாற்று உரிமை என்ற சொல் நுழைந்தது. 1996இல் கலைக்கப்பட்ட கப்பற்படையை மீண்டும் உருவாக்குவது அவருடைய முதல் திட்டங்களில் ஒன்று. 2019இல் அதற்கு உதவ பிரான்ஸுடன் உடன்பாடும் ஆனது. கடல் இல்லாத நாட்டுக்குக் கப்பற்படை எதற்கு என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. எத்தியோப்பியாவுக்குச் சொந்தமாக வணிகக் கப்பல்கள் இருக்கின்றன, கொள்ளையர் நடமாடும் நீர்ப்பரப்பு அது என்பதால் எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடில்லை. ஆனால் கப்பற்படைக்கு நங்கூரமிட ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இன்னொருவரின் மண்ணில்தான் இருந்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

2024 ஜனவரிக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒப்பந்தம் செல்லாது என்ற சட்டத்தில் சோமாலிய அதிபர் ஹசன் ஷேக் முகமது ஐந்தே நாளில் கையெழுத்திட்டார். அல்-ஷபாப் என்ற தீவிரவாத அமைப்பை எதிர்த்துச் சோமாலியாவில் நிற்கும் எத்தியோப்பியப் படைகள் வெளியேற வேண்டியிருக்கும் என்று மொகதிசு எச்சரித்தது. ஏப்ரலில் எத்தியோப்பியத் தூதர் வெளியேற்றப்பட்டார். நைல் நதியில் எத்தியோப்பியா கட்டிய அணை விவகாரத்தில் அதனோடு தீராப் பகையிலிருக்கும் எகிப்து, ஆகஸ்டில் சோமாலியாவோடு பாதுகாப்பு உடன்பாடு செய்து ஆயுதங்களை அனுப்பத் தொடங்கியது. சோமாலிலாந்துக்குள்ளும் ஒற்றுமை இல்லை. அதன் பாதுகாப்பு அமைச்சரே எதிர்த்துப் பதவி விலகினார். நவம்பர் தேர்தலில் பிஹி தோற்று, இர்ரோ என்று அழைக்கப்படும் அப்திரஹ்மான் முகமது அப்துல்லாகி வென்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் கடற்கரையற்ற நாடுகளுக்காகவே ஒரு பகுதி இருக்கிறது. அதன் 125ஆம் உறுப்பின் முதல் வாக்கியம், அந்நாடுகளுக்குக் கடலுக்குப் போய்வரும் உரிமையும் இடைவழி நாடுகள் ஊடாகச் சரக்கைக் கொண்டுசெல்லும் சுதந்திரமும் உண்டு என்று தாராளமாகச் சொல்கிறது. அதே உறுப்பின் அடுத்த பத்தி, அந்த உரிமையை எப்படிச் செயல்படுத்துவது என்பதைச் சம்பந்தப்பட்ட நாடுகள் தமக்குள் ஒப்பந்தம் போட்டுத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. மூன்றாவது பத்தி, இடைவழி நாட்டின் நியாயமான நலன்களுக்கு ஊறு நேரக்கூடாது என்று காப்பு வைக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பதைச் சட்ட மொழியில் இதைவிட நயமாக எழுத முடியாது. ஆனாலும் இதைப் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். இடைவழிச் சரக்குக்குச் சுங்கவரி விதிக்கக்கூடாது, செய்த சேவைக்கு மட்டுமே கட்டணம் வாங்கலாம் என்ற 127ஆம் உறுப்பு, பேரத்தில் உட்காருகிறவருக்கு நல்ல கைத்தடி.

நம்மூரில் தெரு முகப்பு இல்லாத உள்மனை வாங்குபவர், முன்மனை வழியாக நடைபாதை, வண்டிப்பாதை பாத்தியம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார். அந்தப் பாதையில் ஆள் போகலாம், வண்டி போகலாம், செங்கல் ஏற்றிய லாரியும் போகலாம். அதன் நடுவில் உள்மனைக்காரர் ஒரு காவற்கொட்டகை போட்டு நாலு ஆளை நிறுத்தினால், மறுநாளே விவகாரம் காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகும்.

இதே வேறுபாட்டைச் சர்வதேச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகத் தீர்த்து வைத்தது, அதில் எதிர்வாதி இந்தியா. போர்ச்சுகல் ஆண்ட தாமனிலிருந்து, இந்திய நிலத்தால் சூழப்பட்ட தாத்ரா, நகர்ஹவேலிப் பகுதிகளுக்குப் போக வழி உரிமை உண்டா என்பது கேள்வி. 1954இல் அப்பகுதிகளில் போர்ச்சுகீசிய ஆட்சி கவிழ்ந்தபோது இந்தியா வழியை அடைத்தது. 1955இல் போர்ச்சுகல் வழக்குப் போட்டது. 1960 ஏப்ரல் 12 தீர்ப்பில் நீதிபதிகள் நூறாண்டுக்கும் மேற்பட்ட வழக்கத்தை அலசினார்கள். பிரிட்டிஷார் காலத்திலிருந்தே தனியாள்களும் குடிமை அதிகாரிகளும் பொதுச் சரக்குகளும் தடையின்றிப் போய்வந்திருக்கிறார்கள். ஆகவே அவற்றுக்கு உரிமை உண்டு என்றார்கள். படைகளும் ஆயுதம் தாங்கிய காவலர்களும் ஆயுதங்களும் ஒவ்வொரு முறையும் அனுமதி பெற்றே போயிருக்கின்றன. ஆகவே அவற்றுக்கு உரிமை இல்லை என்றார்கள். அன்றைய பதற்றச் சூழலில் இந்தியா வழியை மறுத்தது கடமை மீறல் அல்ல என்றும் தீர்த்தார்கள். கடற்கரை பற்றிய பேச்சே இல்லாத இந்த வழக்கு, அடிஸ் அபாபாவில் எத்தனை பேர் மேசையில் திறந்து கிடக்கிறதோ தெரியாது. என்னைக் கேட்டால் முதலில் படிக்க வேண்டியது அதுதான்.

பொலிவியாவின் அனுபவமும் இதே திசையைக் காட்டுகிறது. 1879இல் தொடங்கிய பசிபிக் போரில் சிலியிடம் கடற்கரையை இழந்த அந்நாட்டுக்கு, 1904 உடன்படிக்கையின்படி சிலித் துறைமுகங்கள் வழியாக என்றென்றைக்கும் தடையற்ற வணிக வழி உண்டு. அரிக்காவிலிருந்து லா பாஸ் வரை ரயில் பாதையைச் சிலியே கட்டிக்கொடுத்தது. 1913 முதல் அது ஓடியது. சரக்கு போகிறது, ஆனால் மண் வேண்டும் என்ற வேட்கை தணியவில்லை. 1975இல் இரு நாட்டுச் சர்வாதிகாரிகளும், பான்செரும் பினோசேயும், சரானியாவில் தழுவிக்கொண்டு ஒரு நிலப்பட்டை கொடுப்பது பற்றிப் பேசினார்கள். அந்தப் பட்டை போகும் நிலம் முன்பு பெருவுடையது. 1929 உடன்பாட்டின்படி பெருவின் சம்மதமின்றி அதை மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்க முடியாது. பெரு வேறொரு யோசனை சொன்னது, பேச்சு முறிந்தது, 1978இல் தூதரக உறவும் முறிந்தது. பிறகு 2013இல் பொலிவியா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. பேச்சு நடத்தவாவது சிலிக்குக் கடமை உண்டு என்று அறிவிக்கும்படி மட்டுமே அது கேட்டது. 2018 அக்டோபர் 1 அன்று 12க்கு 3 என்ற கணக்கில் அதுவும் மறுக்கப்பட்டது. அந்நாட்டின் கப்பற்படை இன்றும் தித்திகாக்கா ஏரியில் பயிற்சி செய்கிறது.

நேபாளத்தை ஒரு வரியில் குறிப்பிட்டுப் போகலாம்: 2015இல் எல்லை அடைபட்டு எரிவாயுவுக்குத் தவித்த பிறகு அது சீனத் துறைமுகங்களையும் பயன்படுத்த உடன்பாடு போட்டுக்கொண்டது, ஆனாலும் தூரமும் இமயமும் காரணமாகச் சரக்கு இன்றும் கொல்கத்தா வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது. காகிதத்தில் இரண்டாவது வாசல் இருந்தாலே பேரத்தில் ஒரு பலம் வரும் என்பது மட்டும் அதில் பாடம்.

மீண்டும் எத்தியோப்பியாவுக்கு வருவோம். 2024 டிசம்பர் 11 அன்று துருக்கி அதிபர் எர்துவான் அபியையும் ஹசன் ஷேக்கையும் அங்காராவில் உட்காரவைத்து ஓர் அறிக்கையில் உடன்பட வைத்தார். சோமாலியக் கூட்டாட்சிக் குடியரசின் இறையாண்மை அதிகாரத்தின் கீழ், எத்தியோப்பியாவுக்கு நம்பகமான, பாதுகாப்பான, நிலைத்த கடல் வழி என்பது அதன் சாரம். 2025 பிப்ரவரி இறுதிக்குள் நுட்பப் பேச்சைத் தொடங்கி நான்கு மாதங்களில் முடிப்பது என்று கெடு வைத்தார்கள். பேச்சு பிப்ரவரியில் தொடங்கியது. நான்கு மாதங்கள் கடந்தன; உடன்பாடு வரவில்லை.

வராததில் எனக்கு வியப்பில்லை. எத்தியோப்பியாவின் கிழக்குப் பகுதிக்கு இயல்பான துறைமுகம் பெர்பெரா. அது 1991 முதல் மொகதிசுவின் கையில் இல்லை. மொகதிசுவின் கையில் உள்ள துறைமுகங்களோ தொலைவானவை. அவற்றுக்குப் போகும் சாலைகளில் அல்-ஷபாப் வரி வசூலிக்கிறது. கையெழுத்திடும் அதிகாரம் ஒருவரிடமும் துறைமுக வாயிலின் சாவி இன்னொருவரிடமும் இருக்கும்போது, எந்தக் கப்பல் நிறுவனம் அந்த வழிக்குச் சரக்குக் கட்டணம் குறித்துக் கொடுக்கும்? போதாக்குறைக்கு, 2025 டிசம்பரில் இஸ்ரேல் சோமாலிலாந்தை அங்கீகரித்ததில் மொகதிசுவின் எச்சரிக்கை உணர்வு இன்னும் கூடியிருக்கும். இன்னொரு பக்கம் 2025 முழுவதும் அடிஸ் அபாபாவின் பேச்சில் அசாபின் பெயர் அடிக்கடி அடிபட்டது. செங்கடலுக்காகப் போர் தொடுக்கும் எண்ணமில்லை என்று அபிய் சொன்னாலும் எரித்திரியத் தலைநகர் அஸ்மராவில் அதை நம்பியவர்கள் குறைவு. 1962ஐ அவர்கள் மறக்கவில்லை.

இவ்வளவு சத்தத்துக்கு நடுவே 2024 ஆகஸ்டில் ஜிபூட்டி ஒரு காரியம் செய்தது. எத்தியோப்பிய எல்லையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் இருக்கும் தஜூரா துறைமுகத்தின் நிர்வாகத்தை முழுவதுமாக எத்தியோப்பியாவிடமே ஒப்படைக்கத் தயார் என்று அதன் வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். பொட்டாஷ் ஏற்றுமதியை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டு, கொள்ளளவுக்கு வேலையில்லாமல் கிடக்கும் துறைமுகம் அது. ஒரு கிளியரிங் ஏஜென்டின் கண்ணுக்கு அது தங்கமான வாய்ப்பு: கிரேன் இயக்குவது யார், எந்தக் கப்பலுக்கு முதலிடம், கட்டண அட்டவணை என்ன என்பவற்றை எத்தியோப்பியர்களே முடிவு செய்யலாம். ஆனால் அது ஜிபூட்டியின் மண், ஜிபூட்டியின் கொடி. அதே நாட்டின் இரண்டாவது கதவு. சரக்கின் தேவையை அது பெருமளவு தீர்க்கும், கப்பற்படையின் தேவையைத் தீர்க்காது. எத்தியோப்பியா அதை ஆவலோடு பற்றிக்கொள்ளாததிலிருந்தே இரண்டில் எது முதன்மையாகிவிட்டது என்று எனக்குப் புரிகிறது.

அங்காராப் பேச்சோ வேறெந்தப் பேச்சோ ஓர் உரையாக வெளியானால், முன்னுரையிலுள்ள சகோதரத்துவத்தைத் தாண்டிப் பின்னிணைப்புக்கு நேராகப் போவேன். இடைவழிப் பெட்டியின் முத்திரையைத் துறைமுக நாட்டின் சுங்கம் எந்தச் சூழலில் உடைக்கலாம், கட்டணத்தை உயர்த்த எத்தனை மாத முன்னறிவிப்பு வேண்டும், லாரி ஓட்டுநருக்கு விசா உண்டா, வழியில் திருட்டுப்போனால் காப்பீட்டை எந்த நாட்டில் கோருவது, உறவு முறிந்தாலும் ஏற்கெனவே இறங்கிய சரக்கை எடுத்துச்செல்ல எத்தனை நாள் அவகாசம் என்ற வரிகள் அங்கே இருக்க வேண்டும். 1998 மேயில் போர் மூண்டபோது அசாபில் கிடந்த எத்தியோப்பியச் சரக்கு அங்கேயே சிக்கிக்கொண்டது. அந்தக் கடைசி வரி மட்டும் உறுதியாக எழுதப்பட்டு, அதை நிறைவேற்ற ஒரு நடுவரும் இருந்திருந்தால் பல வணிகர்கள் தப்பியிருப்பார்கள்.